பதினொரு ஆண்டு ஆண்ட்ராய்டு, இப்போது ஐஃபோன் 16

கேமராவைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. படம் நன்றாக விழுகிறது, எனக்கு அது போதும். நான் கவலைப்பட்டது மூன்று விஷயங்களுக்கு. பதினொரு ஆண்டாக ஆண்ட்ராய்டில் தமிழ் தட்டிப் பழகிய விரல் ஐஃபோனில் தடுமாறுமா? வாட்ஸ்அப் முழுசாக வந்து சேருமா? வங்கியும், சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளச் செயலியான சிங்பாஸும் எத்தனை நாள் பிடிக்கும்?

நான் உட்லண்ட்ஸில் பாலர் பள்ளித் தமிழாசிரியை. பிள்ளைகள் அன்று என்ன பாட்டுப் பாடினார்கள், எந்த எழுத்தை மணலில் எழுதிப் பார்த்தார்கள் என்று தினமும் மாலையில் பெற்றோருக்குத் தமிழில் எழுதி அனுப்புவேன். ஆங்கிலத்தில் அனுப்பினால் பாதி நேரம் மிச்சமாகும். ஆனால் தமிழ் எழுத்தே கண்ணில் படாத வீடுகள் இங்கே நிறைய. அந்த நாலு வரியாவது அவர்கள் திரையில் தமிழாக இருக்கட்டும் என்பது என் பிடிவாதம். அதனால் எனக்குக் கைப்பேசி என்றாலே முதலில் விசைப்பலகைதான்.

பழைய கைப்பேசி கெட்டுப்போகவில்லை. அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. வங்கிச் செயலி, சிங்பாஸ், மாமியாரின் மருத்துவச் சந்திப்புகள் எல்லாம் அதற்குள்தான். அப்படியொரு பொருளைப் பூட்டில்லாத கதவுபோல் வைத்திருக்க மனம் வரவில்லை. 2023-இல் விளம்பரத்தைப் பார்த்து ஏதோ ஒரு செயலியை வெளியிலிருந்து பதிவிறக்கி, ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்கள் பணத்தை இழந்த செய்திகள் நினைவிருக்கும். அதன்பிறகு 2024 பிப்ரவரியில் கூகிள் அப்படி வெளியிலிருந்து இறக்கும் ஆபத்தான செயலிகளைத் தடுக்கும் பாதுகாப்பை முதன்முதலில் சிங்கப்பூரில்தான் சோதனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே ஆண்ட்ராய்டு இப்போது பாதுகாப்பில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். புதிய ஆண்ட்ராய்டே வாங்கியிருக்கலாம். மகளும் அக்காவும் ஐஃபோன். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. அதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

128 ஜிபி, கறுப்பு நிறம், பொருள் சேவை வரி உட்பட 1,299 வெள்ளி. ஒப்பந்தம் வேண்டாம் என்று முழுத்தொகையும் கட்டினேன். பழைய சிம் திட்டத்தையே வைத்துக்கொண்டேன்.

கடையில்தான் முதல் தவறு நடந்தது. கவுண்டரில் இருந்த தம்பி நல்ல பையன், தமிழ்ப் பையன். "அக்கா, இங்கேயே செட்டப் பண்ணித் தந்துடுறேன், அஞ்சே நிமிஷம்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். ஒவ்வொரு திரையிலும் "பிறகு" என்பதைத் தட்டித் தட்டி முகப்புத் திரைவரை கொண்டுவந்து கையில் கொடுத்தார். பழையதைக் கொடுத்தால் 120 வெள்ளி கழிக்கிறேன் என்றார். அங்கே மட்டும் எனக்கு என்னவோ தோன்றியது. "அடுத்த வாரம் கொண்டுவரேன்" என்று சொல்லிப் பழையதைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று அதைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, வாட்ஸ்அப்பை மாத்தியாச்சா?"

மாற்றவில்லை. மாற்றவும் முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆண்ட்ராய்டில் இருப்பதை ஐஃபோனுக்குக் கொண்டுபோக "மூவ் டு ஐஓஎஸ்" என்று ஆப்பிளே ஒரு செயலி வைத்திருக்கிறது. 2015-இலிருந்து இருக்கிறது. 2022-இலிருந்து வாட்ஸ்அப் உரையாடல்களையும் அதன் வழியாகவே கொண்டுபோகலாம். ஆனால் புதிய ஐஃபோனை முதன்முதலாகத் திறந்து "ஹலோ" என்று வணக்கம் சொல்லும் நேரத்தில்தான் அந்த வாசல் திறந்திருக்கும். முகப்புத் திரைக்குள் நுழைந்துவிட்டால் மூடிவிடும். எல்லாவற்றையும் அழித்து மறுபடி "ஹலோ"விலிருந்து தொடங்கவேண்டும். நல்லவேளை, அழிப்பதற்கு அதற்குள் எதுவும் இல்லை.

"கூகிள் டிரைவில் பேக்அப் இருக்கிறதே, பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்களுக்காக இதைத் தனியாகவே எழுதுகிறேன். கூகிள் டிரைவில் இருக்கும் வாட்ஸ்அப் பேக்அப்பை ஐஃபோன் படிக்காது. ஆப்பிளின் சேமிப்பிடமான ஐகிளவுடில் இருப்பதை ஆண்ட்ராய்டு படிக்காது. இரண்டு கைப்பேசியும் உயிரோடு பக்கத்தில் இருக்கும்போது மாற்றினால்தான் உண்டு.

சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு உட்கார்ந்தோம். இரண்டையும் சார்ஜில் போட்டோம். புதியது காட்டிய எண்ணைப் பழையதில் அடித்ததும் இரண்டும் தங்களுக்குள் ஒரு வைஃபை போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தன. எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் வாட்ஸ்அப்பை மறக்காமல் தேர்ந்தெடுக்கவேண்டும். தேர்ந்தெடுத்ததும் அது வாட்ஸ்அப்புக்குள் கூட்டிப்போய்க் கட்டுக்கட்டாக மூட்டை கட்டும். எனக்கு 19 ஜிபி இருந்தது. மாற்றம் முடியும்வரை பழைய கைப்பேசியில் அந்தச் செயலி திரையிலேயே இருக்கவேண்டும். வேறு எதையாவது திறந்தாலோ அழைப்பு வந்தாலோ பாதியில் அறுந்துபோகலாம். அக்காவுக்குச் சனிக்கிழமை மதியம் என்னோடு பேசாவிட்டால் பொழுது போகாது. "அஞ்சு மணிவரைக்கும் கூப்பிடாதேக்கா, ஃபோன் வீடு மாறுது" என்று முதலிலேயே சொல்லிவைத்தேன். நாலேமுக்காலுக்கு முடிந்தது. ஐஃபோனில் வாட்ஸ்அப்பை இறக்கி, அதே எண்ணில் நுழைந்து தொடங்கு என்று தட்டியதும் எட்டு ஆண்டு உரையாடல்களும் வரிசை கலையாமல் வந்து நின்றன. பிள்ளைகளின் குரல் பதிவுகள் உட்பட. "ழ"வை முதன்முதலாகச் சரியாகச் சொன்ன நாலு வயதுப் பையனின் ஏழு விநாடிப் பதிவு ஒன்று இருக்கிறது. அதைத்தான் முதலில் தேடித் திறந்து கேட்டேன். வாட்ஸ்அப்பில் யார் யாரை எப்போது அழைத்தோம் என்ற பட்டியல் மட்டும் வராது. அதை நான் தேடவும் இல்லை.

தொடர்பு எண்கள் கூகிள் கணக்கில் இருந்தன. ஐஃபோனில் அந்தக் கணக்கைச் சேர்த்ததும் வந்துவிட்டன. படங்களைக் கூகிள் ஃபோட்டோஸிலேயே விட்டுவிட்டேன், ஐஃபோனிலும் அது வேலை செய்கிறது. ஐகிளவுட் இலவசமாகக் கொடுப்பது 5 ஜிபி, கூகிள் கொடுப்பது 15. அவசரப்பட்டு எல்லாவற்றையும் அந்தப் பக்கம் ஏற்றினால் முதல் மாதமே காசு கட்டவேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய செயலிகளும் கூட வராது. எனக்கு ஒரு அகராதிச் செயலி போயிற்று.

அடுத்தது வங்கி. இங்கே நேரம் பார்த்துச் செய்தால் சிரமமே இல்லை. 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் ஒரு விதி கொண்டுவந்தன. வங்கிப் பரிவர்த்தனைகளை உறுதிப்படுத்தும் மின்னிலக்க டோக்கனைப் புதிய கைப்பேசியில் பதிந்தால், அது செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்கவேண்டும். குறுஞ்செய்தி மோசடியில் சேமிப்பையெல்லாம் இழந்தவர்களின் கண்ணீருக்குப் பிறகு வந்த விதி அது. யாராவது நம் பெயரில் வேறொரு கைப்பேசியில் டோக்கனைப் பதிந்தாலும் நாம் விழித்துக்கொண்டு வங்கியைக் கூப்பிட அந்த நேரம் உதவும். எனக்கு இந்தக் காத்திருப்பில் முழுச் சம்மதம். ஆனால் காலையில் பதிந்தால் அன்று முழுக்கத் தவிக்கவேண்டியிருக்கும். நான் சனி இரவு ஒன்பது மணிக்குப் பதிந்துவிட்டுப் படுத்தேன். ஞாயிறு ஒன்பதரைக்குத் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரைக்கும் வஞ்சிரத்துக்கும் புதிய கைப்பேசியிலேயே பேநவ் வழியாகப் பணம் கட்டினேன். தூங்கிய நேரத்தில் காத்திருப்பும் கழிந்துவிட்டது. சிங்பாஸ் இன்னும் சுலபம். முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினேன், சில நிமிடத்தில் முடிந்தது.

இனி விசைப்பலகை.

ஆண்ட்ராய்டில் நான் பல ஆண்டாகச் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியை வைத்திருந்தேன். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. 2005 பொங்கலன்று அது வெளியீடு கண்டதே சிங்கப்பூரில்தான். அப்போது அது குறுஞ்செய்திக்கு. தமிழில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தபோது எங்களுக்கு இருந்த பூரிப்பை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க முடியாது. அதில் அஞ்சல் முறையில்தான் தட்டுவேன்: ஆங்கில ஒலியை வைத்துத் தமிழ். ழ வேண்டுமானால் இஸட். ண வேண்டுமானால் பெரிய எழுத்து என். ள வேண்டுமானால் பெரிய எழுத்து எல். யோசிக்காமல் விரல் தானாகப் போய்விடும்.

ஐஃபோனில் விசைப்பலகை அமைப்புக்குள் போய்த் தமிழைத் தேடினேன். "அஞ்சல்", "தமிழ் 99" இரண்டும் இருந்தன. எதையும் தனியாக இறக்கவேண்டியதில்லை. 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே இவை கைப்பேசிக்குள்ளேயே இருக்கின்றனவாம். இத்தனை ஆண்டு எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாக இருந்தது. அதே அஞ்சல். அதே இஸட்டில் ழ. முதல் நாள் மாலை பெற்றோருக்கு எழுதிய செய்தியில் என் விரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எதிரெதிராக நிற்கும் இரண்டு நிறுவனங்களின் கைப்பேசிக்கு நடுவே என் தமிழ் கீழே விழாமல் வந்து சேர்ந்ததற்குக் காரணம், முத்து நெடுமாறன் என்ற ஒரு தமிழர் முப்பது ஆண்டுக்கு மேலாக இதே வேலையாக உட்கார்ந்ததுதான். திரையில் தமிழ் தெரியும் அந்த எழுத்துருவுக்கும் தமிழ் சங்கம் எம்என் என்று பெயர். அந்த எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள்தான். ஆண்ட்ராய்டின் நோட்டோ எழுத்துருவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் இரண்டு நாள் எழுத்து வேறு மாதிரித் தெரியும். பிறகு பழகிவிடும்.

பக்கத்து வகுப்பு ஆசிரியை தமிழ் 99 பழக்கம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பெயரைத் தாங்கிய முறை அது. உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம். க-வை இரண்டு முறை தட்டினால் "க்க" என்று முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுவது அந்த முறையின் அழகு. அந்த வரிசையில் முதல் மாநாடு 1997-இல் இங்கே சிங்கப்பூரில் நடந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் நம் நா. கோவிந்தசாமி, அவரும் ஆசிரியர். விசைப்பலகையைப் பற்றி எழுதும்போது அவர் பெயரைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனமில்லை.

வராமல் போனது ஒன்று உண்டு. நான் அடிக்கடி எழுதும் சொற்களைச் செல்லினம் கற்றுவைத்திருந்தது. இரண்டு எழுத்து அடித்தாலே "பெற்றோர்களுக்கு" என்று எடுத்துக்கொடுக்கும். அந்தப் பழக்கமெல்லாம் பழைய கைப்பேசியோடு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஐஃபோனின் சொல் மாற்று வசதியில் பத்துப் பதினைந்து தொடர்களைச் சுருக்கெழுத்தாகப் போட்டுவைத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைத் தட்டினால் "அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்" என்று முழு வரியும் விழுகிறது. அதை நிரப்ப ஒரு மாலை போயிற்று. செல்லினத்தையே ஐஃபோனிலும் இறக்கிக்கொள்ளலாம். கூடவே வந்ததே போதுமென்று நான் இறக்கவில்லை.

பின்னால் போகும் பொத்தானைத்தான் கை இன்னும் தேடுகிறது. ஆண்ட்ராய்டில் எந்தச் செயலியிலும் அது ஒரே இடம். இங்கே பெரும்பாலும் இடது ஓரத்திலிருந்து விரலை இழுக்கவேண்டும், சில இடங்களில் மேலே மூலையில் இருக்கும் அம்புக்குறியைத் தட்டவேண்டும். வலக்கைக் கட்டைவிரலுக்கு அந்த மூலை எட்டுவதில்லை. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்பவர்கள் வாங்குமுன் கடையில் இதைச் செய்து பார்த்துவிடுங்கள். சார்ஜர் கவலை வேண்டாம். ஐஃபோன் 15 முதல் யுஎஸ்பி-சி வந்துவிட்டதால் பழைய கம்பியே போதும்.

பழையதை ஒன்பது நாள் வைத்திருந்தேன். அந்த ஒன்பது நாளில் மூன்று முறை அது தேவைப்பட்டது. மாமியாரின் மருந்துச் சீட்டுப் படம் பதிவிறக்கக் கோப்புறையில் கிடந்தது. ஒரு கணக்கின் இரண்டாம் சரிபார்ப்பு அதில்தான் வந்தது. பள்ளி அச்சுப்பொறியின் இணைப்பும் அதில்தான் இருந்தது. எல்லாம் எடுத்தபிறகு அழித்து அதே கடைக்குக் கொண்டுபோனேன். விலை 105 வெள்ளிக்கு இறங்கியிருந்தது. கொடுத்துவிட்டு வந்தேன். டிசம்பரில் வீட்டுக்காரரின் முறை. கடையில் பெட்டியைப் பிரிக்கவே கூடாது என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.