கண்ணாடிக் கதவு ஃப்ரீசர் வைத்திருக்கும் கடைக்காரர்கள் கவனத்துக்கு: எனக்கு 46,800 ரூபாய் போச்சு

நேற்று இரவு பதினொரு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு ஃப்ரீசர் கதவு ஹீட்டருக்கு மாட்டிய கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து பார்த்தோம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் சின்ன சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறேன். ஏசி கிடையாது. ஐஸ்கிரீம், பட்டாணி, பரோட்டா பாக்கெட், இறால் எல்லாம் வைக்க ஆறு கண்ணாடிக் கதவு உள்ள ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது. உள்ளே மைனஸ் 18 டிகிரி. இந்தக் கதவுகளின் சட்டத்திலும் கண்ணாடியிலும் ஹீட்டர் ஓடுகிறது என்பது வாங்கும்போது எனக்கே தெரியாது. கண்ணாடியும் சட்டமும் ரொம்பக் குளிர்ந்துவிட்டால் வெளிக்காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து வியர்க்கும். அதைத் தடுக்கத்தான் அந்த ஹீட்டர். ஒரு கதவுக்கு 150 வாட், ஆறு கதவுக்கு 900 வாட். இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 21 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத ஈ.பி. பில்லில், யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும், இதற்கு மட்டும் 13,000 ரூபாய்க்குப் பக்கம். போதாக்குறைக்கு அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளே இறங்கி கம்ப்ரசரையும் கூடுதலாக ஓடவைக்கும்.

இதைக் குறைக்க கன்ட்ரோலர் உண்டு. அது ஏமாற்றுச் சரக்கு இல்லை, உண்மையிலேயே நல்ல பொருள். காற்றில் எவ்வளவு ஈரம் என்று சென்சார் பார்க்கும். ஈரம் குறைவாக இருந்தால் ஹீட்டரை இடைவெளி விட்டு விட்டு ஓட்டும், ஈரம் ஏறினால் முழுக்க ஓட்டும். வியாபாரிகளுக்கான ஆன்லைன் சந்தை ஒன்றில் தேடினேன். சென்சாரோடு 48,800 ரூபாய், ஃபிட்டிங் இலவசம் என்று போட்டிருந்தது.

ஆடிக் கடைசியில் ஆள் வந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல பேச்சு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் கடைக்குள்ளேயே வந்தார். என் மனைவி டீ கொடுத்தாள். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, சென்சாரில் வாயால் ஊதிக் காட்டினார். டக்கென்று ரிலே சத்தம், சிவப்பு விளக்கு. ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் ஏறியது. ஊதுவதை நிறுத்தினார், கொஞ்ச நேரத்தில் இறங்கியது. "பாத்தீங்களா அண்ணாச்சி, இது மூச்சு விடுற மெஷினு" என்றார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். ஊதிக் காட்டிய பெட்டி திரும்பப் பைக்குள் போனதையும், சுவரில் மாட்டியது வேறொரு பெட்டி என்பதையும் கண்ணால் பார்த்தேன். கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம், "ஆன்லைன்ல கட்டினா அவங்க கமிஷன் எடுப்பாங்க, எனக்கு நேரா போட்டா ரெண்டாயிரம் குறைச்சுக்கிறேன்" என்றார். அவர் நம்பருக்கு 46,800 அனுப்பினேன். பில் என்று கொடுத்தது வெறும் துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. மூடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, "செட்டிங் எல்லாம் போட்டாச்சு, பிரிச்சா வாரண்டி போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பில் 9,000 ரூபாய்க்கு மேல் குறைந்து வந்தது. சந்தோஷமாக மச்சானிடம்கூடச் சொன்னேன்.

ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாம் நாள் கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி ஆனது. உள்ளே இருக்கும் சரக்கு தெரியவில்லை. சட்டத்திலிருந்து தண்ணீர் வடிந்து தரையில் தேங்கி, வழக்கமாக வரும் ஓர் ஆச்சி வழுக்கி விழுந்தார். அடி பெரிதாக இல்லை, அந்தப் புண்ணியம். ரப்பர் கேஸ்கெட் சட்டத்தோடு ஐஸ் பிடித்து ஒட்டிக்கொண்டது. யாரோ வேகமாக இழுக்க, ஆறாவது கதவின் ரப்பர் கிழிந்தது. அந்த வரிசை ஐஸ்கிரீம் இளகி மறுபடி உறைந்து, அத்தனையும் குப்பைக்குப் போனது.

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். முதல் தடவை, "மழைக்காலம் அண்ணாச்சி, எல்லாக் கடையிலும் இப்படித்தான்." இரண்டாம் தடவை, "கஸ்டமர் கதவைத் திறந்து போடுறாங்க, துணி வச்சுத் துடைங்க." மூன்றாம் தடவை, ஃபேனைத் திருப்பி வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஆன்லைன் சந்தையில் புகார் கொடுத்தேன். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று நான்கு நாள் ஒரே பதில். ஐந்தாம் நாள், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். 46,800 ரூபாய்!

நேற்று எங்கள் பக்கத்து ஏசி மெக்கானிக் வந்து ஸ்டிக்கரைக் கிழித்தார். உள்ளே இருந்தது சாதாரண டைமர். ஐந்து நிமிடம் ஆன், பதினைந்து நிமிடம் ஆஃப், எந்நேரமும் அதேதான். சென்சார் ஒயர் எந்த டெர்மினலிலும் சேரவில்லை, மடித்து டேப் சுற்றி ஓரத்தில் திணித்திருந்தது. ஆடிக் காற்றில் வறட்சி இருந்ததால் அந்தக் கால்வாசிச் சூடு போதுமாயிருந்தது. அவர் எனக்குக் கணக்கே சொன்னார். வெயில் நாளில் 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், கண்ணாடி 19 டிகிரிக்குக் கீழே போனால்தான் வியர்க்கும். மழை நாளில் வெறும் 27 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 90 சதவீதம். அப்போது 25 டிகிரியிலேயே வியர்த்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் சென்சாருக்கு நான் காசு கொடுத்தேன். 46,800 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது ஒரு டைமர்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது கடையில் ஆள் நிற்கிறது. அவசரமாகச் சில மட்டும்:

பணத்தை நேரடியாக அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

மாட்டிய பிறகு, மாட்டிய பெட்டியிலேயே சென்சார் பக்கத்தில் ஈரத்துணி பிடித்து ஆம்பியர் ஏறுகிறதா பாருங்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சென்சார் ஃப்ரீசர் நிற்கும் அதே நடைபாதைக் காற்றில் இருக்க வேண்டும். ஏசி காற்று படும் இடத்திலோ வாசலிலோ கூடாது. ஃப்ரீசர் கதவு ஹீட்டர் ஓடும் குறைந்தபட்ச அளவைப் பூஜ்யத்தில் வைக்க விடாதீர்கள். கூடுதலாக வைத்துத் தொடங்கி நாளுக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள், மூலையில் புகை தெரிந்தால் ஒரு படி ஏற்றுங்கள்.

1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஹீட்டரை மெக்கானிக் பழையபடி நேர் லைனில் கொடுத்துவிட்டார். ரப்பர் வரும்வரை ஆறாவது கதவு டேப் ஒட்டிக் கிடக்கிறது.

இன்று காலை பார்த்தேன், அந்த விளம்பரம் அப்படியே இருக்கிறது. 48,800 ரூபாய், ஃபிட்டிங் இலவசம்.