எச்சரிக்கை: ‘போர்டு போயிடுச்சு’ என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்

பழைய லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அக்காவின் லேப்டாப்பை வைத்து ஒரு கடையில் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இதையே கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி வேறு சிலரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவின் லேப்டாப்புக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. 4 ஜிபி ரேம் இரண்டு, ஆக 8 ஜிபி. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு 480 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்புப் பொருள்) போட்ட பிறகு வேகமாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய ஆய்வேட்டின் வரைவுகள், அதற்காக எடுத்த பேட்டிகளின் ஒலிப்பதிவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. சில மாதம் பயன்படுத்தாமல் மூடி வைத்திருந்தாள். திரும்ப எடுத்து ஆன் செய்தபோது பவர் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பாகவே இருந்தது. கம்பெனி லோகோகூட வரவில்லை.

கடையில் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் உட்கார்ந்து நிமிர்வதற்குள் திரும்பி வந்து, “போர்டு போயிடுச்சு தம்பி. ஷார்ட் ஆகியிருக்கு. இனிமே இதுல காசு போடுறது வேஸ்ட். எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு வேற ஒண்ணு எடுத்துக்குங்க” என்றார் கடைக்காரர். போர்டு என்று அவர் சொன்னது மதர்போர்டை, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முக்கியப் பலகையை. ஃபைல் எல்லாம் வேண்டும் என்று அக்கா சொன்னதும் பேச்சு மாறியது. “சரி, சிப் லெவல்ல பார்க்கச் சொல்றேன். ஆனா கேரண்டி எதுவும் கேக்காதீங்க.” விண்டோஸ் பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து போன் வந்தது. போர்டை ரெடி பண்ணிவிட்டார்களாம். ஆனால் அந்த ஷார்ட்டில் எஸ்எஸ்டியும் செத்துவிட்டதாம். அதனால் புதிதாக ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் ஏற்றியிருக்கிறார்களாம். எதையும் எங்களைக் கேட்டுச் செய்யவில்லை. அவர்கள் கேட்ட தொகைக்கு இதே வயதுள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றே வாங்கிவிடலாம். பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. என்ன மாற்றினார்கள், எதைச் சரிசெய்தார்கள் என்ற விவரமே இல்லை.

பழைய எஸ்எஸ்டியைக் கேட்டோம். “அது டெட் மேடம், ஸ்கிராப்புல போட்டாச்சு” என்றார்கள். அக்கா அசையவில்லை. “செத்திருந்தாலும் பரவாயில்லை, அதுல இருக்கிறது என்னோட டேட்டா, அதைக் குடுத்தாத்தான் பணம்” என்று கவுன்ட்டரிலேயே நின்றுவிட்டாள். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பையன் எடுத்துவந்து கொடுத்தான். ஸ்கிராப்பில் போட்டதாகச் சொன்ன பொருள் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு என் லேப்டாப்பில் செருகினேன். உடனே திறந்தது. ஆய்வேடு, ஒலிப்பதிவு, போட்டோ எதுவும் போகவில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் எஸ்எஸ்டியின் நிலை ‘குட்’ என்று நீல நிறத்தில் காட்டியது. செத்துவிட்டது என்று சொல்லி எங்களிடம் இன்னொன்றை விற்றிருக்கிறார்கள். அந்த ‘புது’ எஸ்எஸ்டியையும் அதே மென்பொருளில் பார்த்தேன். ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம். யாரோ வருடக்கணக்கில் ஓட்டிக் கழித்ததைத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள். புதியது என்று யார் எதை மாட்டிக் கொடுத்தாலும் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிடுங்கள். நிஜமாகவே புதியதாக இருந்தால் அங்கே சொற்ப மணி நேரம்தான் இருக்கும்.

அப்புறம் ரேமைப் பார்த்தோம். 8 ஜிபி இருந்த இடத்தில் 4 ஜிபிதான் இருந்தது.

இதோடு முடியவில்லை. ஒவ்வொரு முறை சார்ஜரைக் கழற்றி, பேட்டரியும் காலியாகி மறுபடி ஆன் செய்யும்போது தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. அதனால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதில்லை’ என்று பிரவுசர் மறித்தது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் கடிகாரம் அந்த இரண்டுக்கும் இடையில் இல்லாவிட்டால் பிரவுசர் அந்தச் சான்றிதழை ஏற்காது. கடைக்குப் போன் செய்தால், “வைரஸ் பூந்திருக்கும், கொண்டுவாங்க, ஆன்ட்டி வைரஸ் போட்டுத் தரேன்” என்கிறார். தேதி தப்பாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் அதையேதான் சொன்னார். அதற்கும் தனிக் காசு.

கொஞ்ச நாளில் லேப்டாப் பழையபடி கறுத்துப்போனது. இந்த முறை நண்பனின் தம்பியிடம் எடுத்துக்கொண்டு போனோம். அவர் போர்டு வேலைதான் செய்கிறார், எங்கள் கண் முன்னாலேயே மேஜையில் வைத்துக் கழற்றினார். கீழ் மூடியை எடுத்ததும் கையை நிறுத்திவிட்டு, “அண்ணே, இங்க பாருங்க” என்றார். போர்டு முழுவதும் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. எங்கேயும் துடைத்த தடம் இல்லை. பற்றவைப்பு வேலை செய்தால் அதற்குத் தடவும் ஃபிளக்ஸ் என்ற பசை பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும், இல்லையென்றால் திரவம் போட்டுக் கழுவி அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். இரண்டும் இல்லை. ரேம் ஸ்லாட்டைச் சுற்றியும் எஸ்எஸ்டி இருந்த இடத்திலும் மட்டும்தான் விரல் பட்ட அடையாளம். அந்த போர்டில் யாரும் சால்டரிங் அயர்னை வைக்கவே இல்லை.

ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூசியை ஊதித் திரும்ப மாட்டினார். லோகோ வந்துவிட்டது. அடுத்து பயாஸ் பேட்டரியை மல்ட்டிமீட்டரில் பார்த்தார். பயாஸ் என்பது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்; அதன் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பது இந்த பேட்டரிதான். காசு மாதிரி வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரி அது, 3 வோல்ட் காட்ட வேண்டும். பாதிகூட இல்லை. அதனால்தான் தேதி பின்னால் போய்க்கொண்டிருந்தது. புது பேட்டரி போட்டதும் அந்தத் தொல்லையும் நின்றது. மொத்த நோயும் இவ்வளவுதான்.

கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டோம். போர்டு போட்டோவைக் காட்டியதும், “அது வேற மாதிரி ரிப்பேர், வெளிய தெரியாது” என்றார்கள். லேப்டாப் வாங்கியபோது வந்த பில்லில் 8 ஜிபி என்று தெளிவாக இருந்ததால், ரேம் விஷயத்தில் மட்டும் அவர்களால் மறுக்க முடியவில்லை. மேஜை டிராயரிலிருந்து வேறு கம்பெனி ரேம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். புதியது என்று எங்களிடம் விற்ற அந்த 256 ஜிபி எஸ்எஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு கொஞ்சம் பணம் தந்தார்கள். போர்டு வேலைக்கு என்று வாங்கிய பெரிய தொகை வரவே இல்லை. பில்லில் போர்டு என்ற சொல்லே இல்லையே, எதை வைத்துக் கேட்பது?

நேர்மையாக வேலை செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், நண்பனின் தம்பியும் அப்படித்தான். போர்டு உண்மையாகவே போவதும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அவற்றில் பாதியை வீட்டிலேயே பார்த்துவிடலாம். முதலில் எது நடக்கவில்லை என்று கவனியுங்கள். லைட்டே எரியவில்லையா, லைட் எரிந்தும் லோகோ வரவில்லையா, லோகோ வந்த பிறகு விண்டோஸ் வரவில்லையா? மூன்றும் வேறு வேறு கோளாறு. மூன்றுக்கும் ‘ஆன் ஆகல’ என்றே சொல்லிக் கொடுத்தால் கடைக்காரர் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

லைட்டே எரியாவிட்டால் முதலில் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். பழைய லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 19 அல்லது 19.5 வோல்ட். எவ்வளவு என்று சார்ஜரிலேயே அச்சடித்திருக்கும். மீட்டரில் சரியாகக் காட்டிவிட்டு, லேப்டாப்பில் செருகியதும் படுத்துவிடும் சார்ஜர்களும் உண்டு. அதனால் அதே வோல்ட், அதே பின், அதே அளவோ அதற்கு மேலோ வாட் உள்ள வேறு நல்ல சார்ஜரைச் செருகிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. சார்ஜர் செருகும் ஜாக் ஆடுகிறதா என்றும் பாருங்கள். அது தனியாக மாற்றக்கூடிய சின்னப் பொருள். பிறகு சார்ஜரைக் கழற்றி, பேட்டரியும் கழற்றும் வகையாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பேட்டரியை மாட்டாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். இதிலேயே எழுந்துவிடும் லேப்டாப்கள் நிறைய. ஒன்று மட்டும் முக்கியம்: அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திவிடாதீர்கள். தீப்பிடிக்கும். அதை மட்டும் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

லைட் எரிந்து ஸ்கிரீன் கறுப்பாக இருந்தால், இருட்டில் ஸ்கிரீன் மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது, போர்டு உயிரோடு இருக்கிறது. எச்டிஎம்ஐயிலோ விஜிஏயிலோ வெளி மானிட்டரை மாட்டிப் பாருங்கள். கேப்ஸ் லாக் லைட் அணைந்து எரிகிறதா, பீப் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். எத்தனை முறை என்பதற்குக் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் வேறு. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் அது இருக்கும். ரேம் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

லோகோ வந்து ‘பூட் டிவைஸ் கிடைக்கவில்லை’ என்று நின்றால் உடனே டிஸ்க் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பயாஸ் பேட்டரி தீர்ந்துபோனால் உள்ளே இருக்கும் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடலாம். விண்டோஸைத் தொடங்கும் முறை, லெகசி என்ற பழைய முறையிலிருந்து யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாறிவிட்டால் நல்ல டிஸ்க்கையும் அது பூட் செய்யாது. இந்த நிலையில்தான் டிஸ்க்கை மாற்றச் சொல்லி, டேட்டாவையும் பறிக்கிறார்கள். உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸை யூஎஸ்பியில் போட்டு பூட் செய்தால் உள்ளே உள்ள ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே தெரியும். காப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஒன்று, “விண்டோஸ் 10-ஐ நிறுத்திட்டாங்க, அதான் ஆன் ஆகல.” 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. அதனால் எந்த லேப்டாப்பும் ஆன் ஆகாமல் போகாது. இன்னொன்று, “கிராபிக்ஸ் சிப்பைச் சூடு பண்ணித் தரேன்.” சில பழைய கிராபிக்ஸ் சிப்களில் உள்ளேயே இணைப்பு பலவீனமாக இருந்தது. என்விடியா நிறுவனமே 2008-இல் அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அப்படிப்பட்ட சிப்பைச் சூடாக்கினால் சில நாள் ஓடும், திரும்பப் படுத்துவிடும். ரிப்பேருக்கான முழுத் தொகையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், லோகோவே வராத லேப்டாப்பை டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். போர்டைச் சோதிக்க டிஸ்க் தேவையில்லை. டிஸ்க் இல்லாமலே லோகோ வரும், பயாஸ் திறக்கும். பாஸ்வேர்டும் தேவையில்லை. ரேம், டிஸ்க், பேட்டரி ஆகியவற்றின் சீரியல் எண் ஸ்டிக்கர்களை அவர்கள் முன்னாலேயே போட்டோ எடுங்கள். போர்டு போய்விட்டது என்று சொன்னால், “19 வோல்ட் உள்ள வருதா? 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வருதா? எங்க ஷார்ட்?” என்று கேளுங்கள். மீட்டர் வைத்துப் பார்த்தவர் உடனே இடத்தைத் தொட்டுக் காட்டுவார். பார்க்காதவர் கோபப்படுவார். மாற்றிய ஒவ்வொரு பொருளும் பில்லில் தனித்தனியாக வர வேண்டும், பழையது உங்கள் கைக்கு வர வேண்டும். போர்டையே மாற்றுவதாக இருந்தால், டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை முன்பே எடுத்து வையுங்கள். போர்டு மாறினால் அது கேட்கும்.

ஏற்கனவே டிஸ்க்கையும் பாஸ்வேர்டையும் கடையில் விட்டுவிட்டு வந்தவர்கள் இன்றைக்கே போய்ப் பழைய டிஸ்க்கைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் எழுத்தில் கேளுங்கள். அக்காவின் எஸ்எஸ்டி அத்தனை நாள் அங்கே இருந்ததால், பிரவுசரில் சேமித்து வைத்திருந்த மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அன்றிரவே வேறு கணினியிலிருந்து மாற்றினோம். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் ஒவ்வொரு கணக்கிலும் அழுத்திவிட்டோம். டிஸ்க் கைக்கு வருவதற்குக் காத்திராமல் இதை முதலில் செய்துவிடுங்கள்.