ஒட்டிய இரட்டைக் கருவுக்கு இதய ஸ்கேன்: கோவை மையம் ஒன்றின் சேவை

ஒட்டியிருக்கும் இரட்டையர் உயிர் பிழைப்பார்களா என்பதைப் பெரும்பாலும் இதயமே முடிவு செய்கிறது என்பதால், கருவின் இதயத்தைப் பார்ப்பதற்கென்றே கோவையில் இயங்கும் ஒரு ஸ்கேன் மையத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். கோபிசெட்டிபாளையத்தில் எடுத்த ஸ்கேனில் என் தங்கையின் இரட்டைக் கரு மார்போடு மார்பு ஒட்டியிருப்பது தெரிந்ததும், அவளுடைய மருத்துவர் எங்களை அங்கே அனுப்பினார்.

ஸ்கேனை அவசரமின்றிச் செய்தார்கள். இரண்டு துடிப்பு கேட்பதாலேயே இரண்டு தனி இதயங்கள் என்று உறுதி சொல்ல முடியாது என்பதை மருத்துவர் முதலிலேயே விளக்கிவிட்டு, காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். மார்பு ஒட்டிய இரட்டையரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு இதயங்கள் ஏதேனும் ஓர் அளவில் இணைந்திருக்கின்றன. இதய உறை மட்டும் பொதுவாக இருந்தால் பிறந்தபின் பிரிக்க வாய்ப்புண்டு; மேலறைகள் இணைந்திருந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு; கீழறைகளே ஒன்றாகியிருந்தால் இருவரையும் காப்பாற்ற ஏறத்தாழ வழியே இல்லை. இதயங்கள் தனித்தனியாக இருந்தாலும், அறைகளுக்கு இடையே ஓட்டை போன்ற பிறவிக் குறைகள் இவர்களிடம் அதிகம். ஒட்டிப் பிறந்து 1874 வரை வாழ்ந்த சாங், எங் என்ற சகோதரர்களுக்குக் கல்லீரல்தான் இணைந்திருந்தது, இதயங்கள் தனித்தனி என்று அவர் சொன்னபோதுதான், 'ஒட்டிப் பிறந்தவர்கள்' என்று எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது எவ்வளவு தவறு என்று எனக்கு விளங்கியது.

தங்கையின் கருவில் கீழறைகள் இணைந்திருந்தன. "மறைச்சுச் சொல்றது உங்களுக்கு நல்லதில்லீங்க அம்மா" என்று அவளிடமே நேராகச் சொன்னார். மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லி அனுப்பவில்லை. இந்த மதிப்புரையை நான் எழுதுவதே அதற்காகத்தான். இன்ன முடிவை எடுங்கள் என்று அவர் வற்புறுத்தவும் இல்லை. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி, கருவில் கடுமையான குறை இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழுவின் அனுமதியோடு கருவைக் கலைக்க இடமுண்டு என்பதையும், கர்ப்பத்தைத் தொடர்ந்தால் பச்சிளங்குழந்தைப் பிரிவும் இதய அறுவை மருத்துவர்களும் உள்ள பெரிய மருத்துவமனையில் சிசேரியனுக்குத் திட்டமிட வேண்டும் என்பதையும் ஒரே நிதானத்தோடு சொன்னார்.

குறைகளும் உண்டு. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில்தான் தருகிறார்கள். அந்தப் படத்தோடு தமிழில் ஒரு பக்கம் சேர்த்துக் கொடுத்தால் ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குப் புரியவைக்க உதவும். இப்படிப்பட்ட செய்தி கேட்டு வெளியே வரும் தாயை, மகிழ்ச்சியோடு காத்திருக்கும் மற்ற கர்ப்பிணிகளுக்கு நடுவே பில் கட்ட உட்காரவைப்பது கொடுமை. தனி அறை ஒன்று அவசியம் வேண்டும்.

செல்வோர் 18 முதல் 22 வாரத்துக்குள், பழைய ஸ்கேன் அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, கணவரோடு சேர்ந்தே செல்லுங்கள்.