யோக்கில் பள்ளம்: ஆயில் சீலை நகர்த்துவதா, ஸ்லீவ் போடுவதா?

பழைய மகிந்திரா ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில் (இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) புது ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டும் எண்ணெய் சொட்டுகிறதா? சீலுக்குள் சுழலும் யோக்கின் (புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பூட்டும் இரும்புத் துண்டு) மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தில் மாட்டினால் குற்றம் சீலில் இல்லை.

செலவு: சீலை நகர்த்துவது இலவசம், பள்ளத்தின் மேல் மாட்டும் மெல்லிய உலோக உறையான ஸ்லீவுக்குக் காசு வேண்டும்.

வேலை: சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினால் அதன் உதடு தேயாத இரும்பில் அமரும், எண்ணெய்த் துளையை மட்டும் மறைத்துவிடக் கூடாது. ஸ்லீவ் ஏறக்குறைய 0.28 மி.மீ. தடிமன்தான். சுத்தியல் ஒருமுறை சறுக்கினால் நெளிந்துவிடும், பிறகு குப்பைக்குத்தான்.

நீடித்து உழைப்பது: சந்தேகமில்லாமல் ஸ்லீவ்.

பள்ளம் லேசானது என்றால் நகர்த்துங்கள், ஆழமென்றால் ஸ்லீவ். யோக்கின் உள்ளே உள்ள பல்வரிசையான ஸ்ப்லைனும் ஆடினால் இரண்டும் வேண்டாம், யோக்கையே மாற்றுங்கள். எதுவானாலும் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருக்க, சீலைக் கோணாமல் இறக்குங்கள்.