பத்மினியின் பக்கக் கண்ணாடிக்குப் புதுப்பேட்டையில் செய்த வேலை

என் தந்தை 1984இல் வாங்கிய பிரீமியர் பத்மினி காரைத் தெருவோரம் நிறுத்தியிருந்தபோது, கடந்து சென்ற மோட்டார் சைக்கிளின் கைப்பிடி உரசியதில் வலப்பக்கக் கண்ணாடி மூன்று துண்டுகளாக உடைந்தது. அவர் அந்நாளில் தனியாக வாங்கிப் பூட்டிய வட்டக் கண்ணாடி அது. குரோம் கூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. மும்பை குர்லாவில் இந்த வண்டியின் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் முழுக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய முலாம் பூசியவை. எனவே கூட்டை வைத்துக்கொண்டு கண்ணாடியை மட்டும் மாற்ற முடிவு செய்தேன்.

முதலில் வீட்டருகே ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் சமதளக் கண்ணாடியை வட்டமாக வெட்டி, புளித்த காடியின் நெடி அடிக்கும் சாதாரண சிலிக்கானால் ஒட்டித் தந்தார்கள். அந்தச் சிலிக்கான் இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் கண்ணாடியின் பின்புற ரசத்தை அரிக்கும் என்பதை, மூன்றே மாதங்களில் விளிம்பைச் சுற்றிக் கருந்திட்டுகள் படர்ந்த பிறகுதான் கேட்டறிந்தேன். அதைவிடப் பெரிய குறை, பக்கத்து வரிசையில் வரும் ஆட்டோ கண்ணாடியில் தெரியாமலே போனது. பழைய கண்ணாடி சற்றே குவிந்தது. அது பரந்த காட்சியைக் காட்டும், ஆனால் பொருள்களைச் சிறிதாகவும் தொலைவில் இருப்பதுபோலவும் காட்டும். இத்தனை ஆண்டுகள் அந்தக் கணக்கிலேயே பழகிய கண்ணுக்குச் சமதளக் கண்ணாடி பெரும் இடைஞ்சலாக இருந்தது.

பிறகு சென்னை புதுப்பேட்டையில், ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், பெயர்ப் பலகையே இல்லாத கண்ணாடிக் கடைக்குச் சென்றேன். நான் பத்திரமாக வைத்திருந்த பழைய துண்டுகளை அங்கிருந்த பெரியவர் வாங்கி, முதல் வேலையாக ஓர் இரும்பு அளவுகோலை அவற்றின் மேல் நிறுத்தி, இரு ஓரங்களிலும் ஒளி புகும் இடைவெளியைப் பார்த்தார். வளைவு இருக்கிறது, சமதளக் கண்ணாடி உதவாது என்று உடனே சொல்லிவிட்டார். பிறகு லாரிகளிலிருந்து கழற்றிய பெரிய குவிந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, என் துண்டை அவற்றின் மேல் வைத்து அசைத்து, ஆட்டமில்லாமல் படிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பந்தின் மேற்பரப்பைப் போல எங்கும் ஒரே அளவாக வளைந்த கண்ணாடியில் எந்த இடத்தில் வெட்டினாலும் வளைவு மாறாது என்பதால் இந்த முறை சரியாகவே அமைகிறது.

மண்ணெண்ணெய் தொட்ட கட்டரால் ஒரே சுற்றில் கோடு போட்டு, பின்புறம் மெல்லத் தட்டிப் பிரித்து, ஓரத்தை ஈரக் கல்லில் தேய்த்தார். கூட்டின் வளையத்துக்குள் அது கால் மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் உட்கார்ந்தது. அமிலம் வெளிவிடாத நியூட்ரல் சிலிக்கானை நான் கையோடு எடுத்துச் சென்றிருந்தேன். கடையில் அது இல்லை. விளிம்பில் ஈரம் ஏறாதிருக்கப் பெயின்ட் பூசும் பழக்கமும் அங்கு இல்லை. நான் கேட்டதும் மறுக்காமல் பூசிக் கொடுத்தார். இவை இரண்டையும் அவர் தாமாகவே செய்திருக்க வேண்டும் என்பதே என் மனத்தாங்கல். ரசீது கிடையாது, வண்டி நிறுத்த இடமும் கிடையாது. கூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கிச் செல்வது நல்லது.

நாற்பது நிமிட வேலைக்கு 450 ரூபாய் வாங்கினார். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் நனைந்த பிறகும் ரசத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை; வேகமாகச் செல்லும்போதும் கண்ணாடி அதிரவில்லை. இடப்பக்கக் கண்ணாடியில் ரசம் மங்கத் தொடங்கியிருக்கிறது. அதையும் அவரிடமே கொண்டுசெல்லவிருக்கிறேன். வெட்டியது போக அதே லாரிக் கண்ணாடியில் மிஞ்சிய பகுதியை எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்.