நிட்புரோ மாற்று ஊசி செட்: பாதி வரிசையில் வைத்துவிட்டு எழுந்து போகலாம்

ஒன்றரை வருடமாக என் பையிலேயே கிடக்கும் நிட்புரோ சிம்ஃபனி செட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். வட்டப் பின்னல் ஊசியின் இரண்டு முனைகளும் நடுவில் வரும் கேபிளும் இதில் தனித்தனி, வேண்டிய அளவு முனையை வேண்டிய நீளக் கேபிளில் திருகிக்கொள்ள வேண்டியதுதான். என்னிடம் இருப்பது 3.5 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை 8 ஜோடி முனைகள் உள்ள பெட்டி. விலை நூறு சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது, இரண்டு மாதம் யோசித்துத்தான் வாங்கினேன்.

சிங்கப்பூரில் தெம்பனிஸ் பக்கம் ஒரு செமிகண்டக்டர் ஆலையில் கருவிப் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன், வீடு பூன் லேயில். ரயிலில் 25 நிறுத்தம், போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. இது போக, பலதுறைத் தொழிற்கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கும் ஒரு பெண்ணுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன், சனிக்கிழமை காலையில் தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் சந்திப்போம். தையலும் உண்டு. ஆனால் மெஷின் சத்தம் வீவக அடுக்குமாடி வீட்டில் கீழ்வீடு வரை கேட்கும், இரவு பத்துக்கு மேல் நான் ஓட்டுவதில்லை, ஆகவே துணி வெட்டுவது வியாழன் இரவு, தைப்பது ஞாயிறு காலை. மெஷினை எடுத்து வைத்து, நூல் கோத்து, பாபின் சுற்றி முடிப்பதற்கே கால் மணி நேரம் போகும், இடையில் ஒரு அழைப்பு வந்தால் ஓட்டம் கெட்டுவிடும். பின்னல் அப்படியில்லை, கிடைத்த நேரத்தில் நுழைந்துகொள்ளும், நடுவில் நிறுத்தினாலும் ஊசியில் நிற்கும் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், நழுவாமல் இருந்தால் போதும்.

அந்த நழுவல்தான் எனக்கு ஒரு சனிக்கிழமையைக் கெடுத்தது. முன்பு வேறொரு மலிவான செட் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். ரயில் பூகிஸ் தாண்டும்போது முனையும் கேபிளும் கழன்று, அம்மாவுக்குப் பின்னிய சால்வையில் நாற்பது கண்ணிக்கு மேல் உருவிக்கொண்டு போயின. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிடித்து முடிக்க இரவு ஒரு மணி. அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணின் வேலைப்பயிற்சி அறிக்கையைப் படித்துக் குறிப்பு எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். மறுநாள் படிக்காமல் போய் உட்கார்ந்தேன். "பரவாயில்லை அக்கா" என்றாள், ஆனால் முகம் வாடிவிட்டது. அவள் அணியில் ஒரே பெண், அந்த அறிக்கையை மேற்பார்வையாளர் முன்னால் தனியாக நின்று விளக்க வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

கழன்ற செட்டை அவளிடம் காட்டினேன். கையில் வாங்கி இரண்டு நிமிடம் திருகிப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: ஒவ்வொரு கண்ணி போடும்போதும் கை ஊசியைக் கொஞ்சம் சுழற்றுகிறது, விரலால் மட்டும் இறுக்கிய மரை ஆயிரம் தடவை அப்படிச் சுழன்றால் தளரத்தான் செய்யும். நிட்புரோவில் இதற்கு வழி இருக்கிறது. கேபிளின் உலோக முனையில் சின்னத் துளை, அதில் ஒரு கம்பிச் சாவியை நுழைத்து, பிடித்துக்கொண்டு ஊசி முனையைத் திருக வேண்டும். சாவி நெம்புகோல் மாதிரி வேலை செய்வதால் விரலுக்கு வராத இறுக்கம் கிடைக்கிறது. சாவி போட மறக்காதீர்கள், முழுப் பயனும் அதில்தான்.

அதே துளையில் மெல்லிய பருத்தி நூலைக் கோத்துக்கொண்டு ஒரு வரிசை பின்னினால், அந்த நூல் எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓடி நின்றுவிடும். பின்னால் தப்பு வந்தால் அந்த வரிசை வரை தைரியமாகப் பிரிக்கலாம். பூவேலை உள்ள சால்வைக்கு இது உயிர்.

எனக்கு மிகவும் பிடித்தது மூடிகள். முனைகளைக் கழற்றிவிட்டு, கேபிளின் இரு பக்கமும் மூடியைத் திருகிவிட்டால் வேலை அப்படியே நிற்கும், ஒரு மாதம் ஆனாலும் ஒரு கண்ணி நழுவாது. அவளுக்குத் தேர்வு, நேர்முகம் என்று வரும் வாரங்களில் மூடியைப் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறேன், அதே முனைகளை வேறு வேலைக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஆலையில் தூசு புகாத கிளீன் ரூமுக்குள் நூல் பிசிறு ஒன்றுகூடப் போகக் கூடாது, பை முழுவதும் லாக்கரில்தான், அங்கேயும் கவலை இல்லாமல் கிடக்கும்.

முனைகள் பல நிற பிர்ச் மர ஏடுகளை ஒட்டிச் செய்தவை, ஜெய்ப்பூரில் தயாராகின்றன. ரயில் குளிரில் உலோகம் போல ஜில்லென்று இருக்காது, வழவழப்பும் அளவோடுதான். வேகமாகப் பின்னுகிறவர்களுக்கு உலோகம் பிடிக்கலாம். குறை என்றால், குழந்தைத் தொப்பிக்கு வேண்டிய 40 செ.மீ. வட்டம் இந்த முனைகளில் வராது, அதற்குக் குட்டை முனைகள் தனியாக வாங்க வேண்டும். நூலுக்கு நான் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் உள்ள கோல்டன் டிராகனுக்குப் போவேன். நம் ஊர் வெக்கைக்குப் பருத்தி நூல்தான் சரி, கையால் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும்.

இன்னொன்று. நூலகத்தில் முதல் முறை பின்னலை எடுத்தபோது, மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று தயங்கினேன். ஆனால் என் கண் ஊசியில் இருந்தபோதுதான் அவள் மனம்விட்டுப் பேசினாள், கூட்டத்தில் தன் பேச்சை நடுவிலேயே வெட்டுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் சொன்னாள். அப்போதுதான் இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதாவைப் பற்றிச் சொன்னேன். 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையாகி, பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, 1943இல் மின்பொறியியலில் பட்டம் வாங்கியவர். சான்றிதழில் அச்சாகியிருந்த 'அவன்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதித்தான் அவருக்குக் கொடுத்தார்கள். ஊசியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை அவளுக்கு ஒரு நிறுவனத்தில் நேர்முகம், நாளை மாலை ஒத்திகை. அம்மாவின் சால்வை 112ஆம் வரிசையில், மூடி போட்டு அலமாரியில் இருக்கிறது.