சேதுபதி சுவரோவியமா, ரவி வர்மாவின் கடலா: ஸ்கிரீன் அச்சுக்கு எது பொருந்தும்?

பழைய ஓவியம் ஒன்றில் இன்றைய பொருளைச் சேர்த்து, ஸ்கிரீன் அச்சில் சில பிரதிகள் மட்டும் எடுத்துச் சுவரில் மாட்டும் ஆசை நம் கடற்கரைப் பக்கமும் வந்துவிட்டது. மண்டபத்திலோ கீழக்கரையிலோ வீடு கட்டுகிறவர்கள் யோசனை கேட்டால், நான் இரண்டு மூலங்களைச் சொல்வேன். ஒன்று, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட சுவரோவியங்கள். மற்றொன்று, கடலரசன் வருணனை எதிர்த்து ராமன் வில்லேந்தி நிற்கும் ரவி வர்மாவின் ஓவியம். திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்லில் கிடந்து கடலிடம் வழி கேட்டவரின் கதைதான் அது.

கற்பனைக்கு இடம் தருவதில் ரவி வர்மாவே முந்துகிறார். வழி கேட்டு நிற்கும் ராமனுக்கு எதிரே, 2025இல் திறக்கப்பட்ட பாம்பன் புதிய பாலத்தின் தூக்குப் பகுதி உயர்ந்து நிற்பதாக வரைந்து பாருங்கள். வேறு விளக்கமே வேண்டாம்.

அச்சு மேசைக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. திருமண அழைப்பிதழ் அடிக்கும் கடைகளில் பார்த்திருப்பீர்கள்: சட்டத்தில் இறுக்கிய வலைத்துணியின் வழியே ரப்பர் பட்டையால் மையை இழுக்கிறார்கள், ஒரு வண்ணத்துக்கு ஒரு திரை. ரவி வர்மாவின் அலையோ கருநீலத்திலிருந்து நுரைவெள்ளை வரை இழையிழையாக வெளுக்கிறது. அதைப் பிடிக்கப் படத்தைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும், அல்லது திரைகளை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்திலேயே ஒரு படத்துக்கு, வண்ணத்துக்கு ஒன்றாக, பல அச்சுக்கற்கள் தேவைப்பட்டன.

சுவரோவியம் பிறந்ததே வேறு விதமாக. அழுத்தமான கோடு, நிழலில்லாத தட்டை வண்ணம், செங்காவியின் ஆட்சி. நான்கைந்து திரைகளில் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் நம் காற்று. ஈரக்காற்றில் தாள் நீரை உறிஞ்சி விரியும். முதல் வண்ணம் காய்ந்து நான்காவதுக்கு வருவதற்குள், அளவு மயிரிழை மாறி, வண்ணம் எல்லை தாண்டும். ரவி வர்மா தீட்டிய முகத்தில் இந்த விலகல் உதட்டையே கெடுத்துவிடும். சுவரோவியத்தில் கறுப்புக் கோட்டைச் சற்றுத் தடிப்பாக வைத்துக் கடைசியாக அடித்தால், அடியில் விலகியதெல்லாம் மறைந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை செய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

எதைச் சேர்ப்பது என்பதிலும் சுவரோவியம் கைகொடுக்கிறது. சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சி அங்கே உண்டு. விருந்தினர் காலடியில் ஏற்றுமதிக்குப் போகும் இறால் பெட்டியை வைத்தால், அன்றைய கடல் வணிகமும் இன்றையதும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். அரசருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவதும் கையில் கைப்பேசி கொடுப்பதும் எனக்குப் பிடிக்காது. அவை எந்த ஓவியத்துக்கும் ஒட்டும்; அதனாலேயே எதையும் சொல்வதில்லை.

ராமனும் பாலமும்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஸ்கிரீன் அச்சில் பேர்பெற்ற அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹோலின் வழி உதவும். 1984இல் அவர் இத்தாலிய ஓவியர் பொட்டிச்செல்லியின், சிப்பிமேல் நிற்கும் வீனஸ் தேவதையை எடுத்தபோது கடலையும் சிப்பியையும் விட்டுவிட்டு, முகத்தையும் பறக்கும் கூந்தலையும் மட்டும் வைத்துக்கொண்டார். அதுபோல வில்லேந்திய கையையும் பாலத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முழு ஓவியமும் ஒரே பிரதியாகப் போதுமென்றால், நிறமி மையில் டிஜிட்டல் அச்சே சரி, செலவும் குறைவு.

என் வாக்கு சுவரோவியத்துக்கு. வாங்கும்போது தாளைச் சாய்த்துப் பக்க வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்கிரீன் மை பெரும்பாலும் தாளின்மேல் மெல்லிய படலமாக நிற்கும், ஓரம் கத்தரித்ததுபோல் தெளிவாக இருக்கும். உருப்பெருக்கியில் பல நிற நுண்புள்ளிகள் தூவியதுபோல் தெரிந்தால் அது டிஜிட்டல். அதற்கு ஸ்கிரீன் அச்சின் விலையைக் கொடுக்காதீர்கள். சட்டமிடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். இரும்பு ஆணி உப்புக்காற்றுக்குத் தாங்காது, பித்தளைக் கொக்கியே நல்லது.